மாற்றல் உத்தரவு யார் கையில்?

சிதம்பரத்திலிருந்து வாய்தாவுக்காகக் கடலூர் வருகிறவர்கள் மஞ்சக்குப்பத்தில் டீ குடிக்கும்போது கேட்பதுண்டு: “ஆளுங்கட்சிக்காரர் நினைத்தால் நம்ம ஜட்ஜை மாற்றிவிடலாமா சார்?” நியாயமான பயம். உட்காருங்கள் அண்ணே, நிதானமாகப் பேசலாம்.

வெள்ளைக்காரர் காலத்தில் தென்னார்க்காடு கலெக்டரே வரி வசூலிப்பவர், அவரே மாவட்ட மாஜிஸ்திரேட். பிடிப்பதும் விசாரிப்பதும் ஒரே அதிகாரத்தின் கீழ். அரசியலமைப்பின் 50ஆவது பிரிவு இரண்டையும் பிரிக்கச் சொன்னது. 235ஆவது பிரிவு கீழ்க்கோர்ட்டுகளை உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் வைத்தது. அதனால் சிதம்பரம் முன்சீப்பை எந்த அமைச்சரும் உத்தரவு போட்டு மாற்ற முடியாது. சாதாரண வழக்காளிக்கு இதைவிடப் பெரிய காவல் இல்லை என்பேன்.

சிக்கல் மேலே இருக்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதியை மாற்றும் அதிகாரம் 222ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவருடையது. 1993 வரை நடைமுறையில் அது மத்திய அரசுடையதாக இருந்தது. இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நெருக்கடிநிலையின்போது, 1976இல், 16 நீதிபதிகள் இப்படி மாற்றப்பட்டார்கள். பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரைச் சிறைவைத்தது செல்லாது என்ற தில்லி நீதிபதி எஸ். ரங்கராஜன் குவாஹாத்திக்கு அனுப்பப்பட்டார். தீர்ப்பை இப்படி எழுது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து எழுதப்போகிறவர் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்?

நம் ஊர்க்காரர் கதையைக் கேளுங்கள். மு.மு. இஸ்மாயில், நாகூரில் பிறந்தவர், கம்பனில் தோய்ந்தவர். நெருக்கடிநிலையின்போது மிசா சட்டத்தில் பிடிபட்ட கைதிகள் சென்னை மத்தியச் சிறையில் அடிபட்டதை விசாரித்த ஆணையம் அவருடையது. சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த அவருக்கு 1981இல் கேரளத்துக்கு மாற்றல் வந்தது. பாட்னாவின் கே.பி.என். சிங்கைச் சென்னைக்குப் போட்டார்கள். இஸ்மாயில் போகவில்லை, ராஜினாமா செய்தார். அந்த வெற்றிடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. சிங்கின் மாற்றல் மட்டும் வழக்கில் வந்தது. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் எஸ்.பி. குப்தா தீர்ப்பு அது செல்லும் என்றது, நியமனத்திலும் கடைசி வார்த்தையை அரசுக்கே விட்டது.

1993இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, மூத்த நீதிபதிகளின் கொலீஜியத்திடம் அந்த வார்த்தையைக் கொடுத்தது. நாடாளுமன்றம் கொண்டுவந்த நியமன ஆணையத்தையும் 2015இல் ரத்து செய்தது. அரசின் கை ஓரளவு விலகியது என்பது உண்மை. ஆனால் இருட்டு விலகவில்லை. 75 நீதிபதி இடங்கள் உள்ள சென்னையிலிருந்து, நீதிபதிகளை விரல்விட்டு எண்ணக்கூடிய மேகாலயாவுக்கு 2019இல் தலைமை நீதிபதி விஜயா தாஹில்ரமானியும், 2021இல் சஞ்சிப் பானர்ஜியும் மாற்றப்பட்டார்கள். நல்ல நீதி நிர்வாகத்துக்காக என்பதைத் தாண்டிய காரணத்தை மக்களுக்கு யாரும் விளக்கவில்லை. காரணத்தை எழுதி வெளியிடாதவரை, நடந்தது நிர்வாகமா தண்டனையா என்று நீங்களும் நானும் எப்படித் தெரிந்துகொள்வது? வழக்கறிஞர்கள் இரண்டு முறையும் மறுபரிசீலனை கேட்டுப் போராடினார்கள். பானர்ஜி ஷில்லாங் போனார். தாஹில்ரமானி, இஸ்மாயிலைப் போலவே, பதவியைத் துறந்தார்.