தெருவில் விற்ற தர்மப் பூ!

லண்டன் மாநகரம். 1912-ம் ஆண்டு ஜூன் மாதம்.

தெருவெங்கும் பெண்கள் நின்றார்கள். கையிலே கூடை. கூடை நிறைய ரோஜாப்பூ. ஆனால், அவை செடியில் பூத்த பூக்கள் அல்ல. உடற்குறை உள்ள பெண்கள் கையால் செய்தவை!

ராணி அலெக்சாண்ட்ரா டென்மார்க்கில் இருந்து மணப்பெண்ணாக வந்த 50-வது ஆண்டையொட்டி நடந்த விற்பனை அது. மக்கள் ஆசையோடு வாங்கினார்கள். பணம் ஆஸ்பத்திரிகளுக்குப் போனது.

நல்ல யோசனை. அதைப் பலரும் பிடித்துக் கொண்டார்கள்.

கொடி மேல் கொடி

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. பூவுக்குப் பதில் சின்னஞ்சிறு காகிதக் கொடிகள் வந்தன. காசு போட்டவர் சட்டையில் ஒரு கொடியைக் குத்திவிடுவார்கள். காயம்பட்ட வீரர்களுக்கு ஒரு நாள். பெல்ஜியம் அகதிகளுக்கு ஒரு நாள். போர்க் குதிரைகளுக்குக்கூட ஒரு நாள்!

கூட்டத்தோடு கூட்டமாக ஏமாற்றுக்காரர்களும் புகுந்தார்கள். "உண்டியலில் போட்ட காசு எங்கே போகிறது?" என்ற கேள்வி எழுந்தது. சந்தேகம் வந்துவிட்டால் தர்மம் செய்ய யாருக்குக் கை நீளும்? நஷ்டம் யாருக்கு? காயம்பட்ட வீரனுக்கு!

1916-ல் சட்டம் வந்தது. தர்மத்துக்காகத் தெருவில் காசு வசூலிப்பதையும், பொருள் விற்பதையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரம் போலீசாருக்குக் கிடைத்தது.

இங்கிலாந்தில் இன்றும் இதற்குப் பர்மிட் வேண்டும். பெரும்பாலான ஊர்களில் நகர சபை அதைக் கொடுக்கிறது. குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே மனுப் போட வேண்டும். உண்டியலுக்கு முத்திரை இட வேண்டும். வசூலிப்பவர் கையில் அதிகாரச் சீட்டு இருக்க வேண்டும். யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது. முடிந்த பிறகு வரவு, செலவுக் கணக்கைக் காட்ட வேண்டும்.

யோசனை யாருக்குச் சொந்தம்?

போர் 1918-ல் ஓய்ந்தது. போர்க்களத்தில் பூத்த பாப்பி, கசகசாச் செடி இனத்தைச் சேர்ந்த சிவப்புப் பூ. மாண்ட வீரர்களின் நினைவாக அதை அணியலாம் என்றார், அமெரிக்க ஆசிரியை மொய்னா மைக்கேல். பிரான்சு நாட்டுப் பெண்மணி அன்னா கெரன் துணியால் செய்த பாப்பிகளை விற்கும் யோசனையைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார்.

பிரிட்டனில் முன்னாள் வீரர் சங்கம் 1921-ல் விற்பனையைத் தொடங்கியது. கிடைத்தது எவ்வளவு? 1 லட்சத்து 6 ஆயிரம் பவுன்! மறு ஆண்டே லண்டனில் ஒரு பாப்பித் தொழிற்சாலை எழுந்தது. போரில் ஊனமுற்ற 5 பேர் அங்கே முதலில் வேலைக்கு அமர்ந்தார்கள்.

"பூ விற்றுத் தர்மம் செய்வோம்" என்ற யோசனைக்கு யாரும் பட்டா போட முடியாது. யோசனை வேறு, பெயர் வேறு. அமெரிக்காவில் முன்னாள் வீரர் சங்கம் ஒன்று இதைப் புரிந்துகொண்டது. தன் பூவுக்குப் "பட்டி பாப்பி" என்று பெயர் வைத்தது. தோழன் பாப்பி என்று பொருள். 1924-ல் அந்தப் பெயரை அரசாங்கத்தில் பதிவு செய்தது. அதன் பிறகு அந்தப் பெயரில் வேறு யாரும் பூ விற்க வழி இல்லை.

ஆனால், வேறு பாப்பி விற்கலாமே! 1933-ல் பிரிட்டனில் கூட்டுறவு மாதர் சங்கத்தினர் வெள்ளைப் பாப்பியைக் கொண்டுவந்தார்கள். "இனிப் போரே வேண்டாம்" என்பது அதன் பொருள். பூ ஒன்றுதான். நிறம் வேறு, நோக்கம் வேறு.

தர்ம விற்பனை தொடங்க நினைப்பவர்களுக்கு இந்தப் பூக்கள் சொல்லும் பாடம் இதுதான்: யோசனையைப் பிறர் எடுத்துக்கொள்வார்களே என்று கவலைப்பட வேண்டாம். பெயரைப் பதிவு செய்யுங்கள். பர்மிட் வாங்குங்கள். கணக்கைக் காட்டுங்கள்.

பெயரைக் காப்பது பதிவு. தர்மத்தைக் காப்பது கணக்கு!