கழிக்கத் தெரியும், பிறகு ஏன் கணக்கு தவறாகிறது?

வாய்பாட்டைத் தடையின்றி ஒப்பிக்கும் பிள்ளைகூட, மூன்று வரியில் ஒரு பிரச்சினைக் கணக்கு வந்தால் திகைத்துப் போவதுண்டு. "இவனுக்குக் கணக்கு வராது" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால், தடுமாற்றம் பல வேளைகளில் கணக்கில் இல்லை. கேள்வியை வாசிப்பதில்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கைப் பாருங்கள்:

"மாலாவிடம் 35 வெள்ளி இருக்கிறது. அது கவிதாவிடம் இருப்பதைவிட 8 வெள்ளி அதிகம். கவிதாவிடம் எவ்வளவு இருக்கிறது?"

'அதிகம்' என்ற சொல்லைக் கண்டதும் 35-உடன் 8-ஐக் கூட்டி 43 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. கூட்டல் சரி, விடை தவறு. "அதிகம் என்றால் கூட்டு, குறைவு என்றால் கழி" என்று குறுக்குவழி சொல்லிக் கொடுப்பதன் விளைவு இது.

நான்கு படிகள்

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, 1945-இல் வெளியிட்ட நூலில் இதற்கு நான்கு படிகளைக் கூறினார். நம் தொடக்கப்பள்ளிக் கணிதமும் அதே படிகளைத்தான் பின்பற்றுகிறது.

1. புரிந்துகொள்ளுதல்: எண்களை மறந்துவிட்டு, கதையை மட்டும் பிள்ளை தன் சொந்தச் சொற்களில் கூற வேண்டும். யாரிடம் அதிகப் பணம்? மாலாவிடம். யாருடைய பணத்தைக் கேட்கிறார்கள்? கவிதாவுடையதை.

2. திட்டமிடுதல்: இரண்டு பட்டைகள் வரையலாம். மாலாவுக்கு நீளமான பட்டை, அதன் கீழே கவிதாவுக்குக் குட்டையான பட்டை. மாலாவின் முழுப் பட்டை 35. கவிதாவின் பட்டையைத் தாண்டி நீண்டிருக்கும் துண்டு 8. அந்தத் துண்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கவிதாவின் பணம். இந்தப் பட்டை முறையைச் சிங்கப்பூர்ப் பள்ளிகள் 1980-களிலிருந்தே பயன்படுத்தி வருகின்றன.

3. செய்தல்: 35 - 8 = 27. விடை 27 வெள்ளி.

4. சரிபார்த்தல்: விடையைக் கதைக்குள் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். கவிதாவிடம் 27, மாலாவிடம் அதைவிட 8 அதிகம், அதாவது 35. பொருந்துகிறது. 43 என்று எழுதியிருந்தால் கவிதாவிடம்தான் அதிகப் பணம் இருக்கும், கதைக்கு நேர்மாறு. பிள்ளை தன் தவறைத் தானே பிடித்துவிடும்.

பாதியில் நிற்பதும் தவறே

"1 கிலோ வெங்காயம் 4 வெள்ளி. அம்மா 3 கிலோ வாங்கி, 20 வெள்ளி நோட்டைக் கொடுத்தார். பாக்கி எவ்வளவு?"

4 × 3 = 12 என்று முடித்துவிடும் பிள்ளை, கேட்காத கேள்விக்கு விடை எழுதியிருக்கிறது. 12 வெள்ளி என்பது வெங்காயத்தின் விலை. பாக்கி 20 - 12 = 8 வெள்ளி. கடைசி வாக்கியத்தை முதலில் வாசித்துக் கோடிட்டுக் கொண்டால் இந்தப் பிழையைத் தவிர்க்கலாம்.

படிவம் 1-இல் மாறும் மொழி

தமிழ்ப்பள்ளியில் தமிழில் கணிதம் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலும் மலாயில் அதைப் படிக்க வேண்டும். தமிழில் 'விட' என்பது யாருடைய பெயரோடு சேர்கிறதோ அவரோடுதான் ஒப்பிடுகிறோம். மலாயில் 'லெபே டாரிபாடா' என்பதற்குப் பின்னால் வரும் பெயரே அது. சொல்வரிசை தலைகீழாவதால், குறுக்குவழியை நம்பிய பிள்ளை இங்கே மேலும் தடுமாறும். கதையைப் புரிந்து படம் வரைந்து பழகிய பிள்ளைக்கு மொழி மாறினாலும் வழி மாறாது.

ஆறாம் ஆண்டிலேயே சில சொற்களைப் பழக்கிவிடலாம்: ஜும்லா என்றால் மொத்தம், பேஸா என்றால் வித்தியாசம், செதியாப் என்றால் ஒவ்வொரு. 'பாக்கி' நம் வீட்டிலேயே புழங்கும் சொல்.

பெற்றோருக்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. வேலை முடிந்து வந்த களைப்பிலும் மூன்று கேள்விகள் கேட்க முடியும்: "கதை என்னப்பா? என்ன கேட்கிறார்கள்? உன் விடை கதைக்குப் பொருந்துகிறதா?" நாளுக்கு ஒரு கணக்கு போதும். விடையைப் பெற்றோர் சொல்லிவிடாமல் இருந்தால் சரி.