கரிசல் மண்ணின் பதம் அறிதல்

பிழைப்பின் பொருட்டு வடபுலம் வந்து, பல்லாண்டு வாடகை வீட்டில் வாழ்ந்தபின், சொந்தமாக ஒரு மனை வாங்கிக் குடியேறுவது நம்மவர் பலருடைய நெடுநாள் ஆவல். நாக்பூர், அமராவதி, இந்தோர், போபால் முதலிய நகரங்களில் அவ்வாறு குடியமர்ந்த குடும்பங்கள், வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தைக் கொத்தி, மேடு பள்ளம் நிரவி, முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் வைக்க விழைவது இயல்பே. ஆயின், அம்மண்ணில் மண்வெட்டி இடுதற்குரிய வேளை எது என்பதை அறியாது தொடங்கினால், செலவிட்ட பொருள் வீணாவதோடு, மண்ணும் பல ஆண்டுகளுக்குக் கெட்டுவிடும். அதனைக் குறித்து ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

விதர்ப்பத்திலும் மால்வா பீடபூமியிலும் பெரும்பரப்பில் காணப்படுவது, எரிமலைக் குழம்பு உறைந்த பாறை சிதைந்து உண்டான கரிசல் மண். இதில் களி மிகுதி. அக்களி நீரை உண்டு பருத்து, உலருங்கால் சுருங்கும் இயல்பினது. மழைக்காலத்தில் காலைக் கவ்வும் சேறாகவும், கோடையில் கை நுழையும் அளவு வெடித்த கட்டாந்தரையாகவும் ஒரே மண் மாறுவது இதனாலேயே. இவ்விரு நிலைக்கும் இடையே சில நாட்களே அது வேலைக்கு இசைந்து நிற்கும். அந்நிலையை நம் உழவர் பதம் என்பர். மராத்தி உழவர் 'வாப்சா' என்பர்.

ஈரம் மிக்க களியை வெட்டுவதால் நேரும் தீங்கு யாது? காற்றும் நீரும் செல்லும் நுண்துளைகள் நசுங்கி அடைபடுகின்றன. வெட்டிய முகம் மெழுகினாற்போல் மின்னும். காய்ந்ததும் செங்கல்லென இறுகும். பின்னர் வேர் இறங்காது, நீர் வடியாது. மண் நிரவும் பெரும் பொறிகளின் எடையால் இக்கேடு ஆழத்திலும் பரவும். அடுத்த மழையில் நீர் சுவரோரம் தேங்கினால், களி ஓரிடத்தில் பருத்தும் பிறிதோரிடத்தில் சுருங்கியும் நிற்க, சுவர் விரிசல் காண்பதும் உண்டு.

இங்கு நம்மவரை ஏமாற்றுவது ஊரிலிருந்து கொண்டுவந்த மாதக் கணக்கு. கோவில்பட்டிக் கரிசல் காட்டில் ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்காலம். இங்கோ மழை ஆனியில் தொடங்கிப் புரட்டாசியோடு பெரும்பாலும் ஓய்கிறது. ஊரில் மழை பொழியும் ஐப்பசியில் இங்கு மண் உலரத் தொடங்கும். மண்வேலைக்கு ஏற்ற பருவம் அதுவே. எனினும், மழை நின்று இத்தனை நாள் என்று கணக்கிட்டும் துணிய இயலாது. வெயில் படும் பக்கம் விரைந்து உலரும். நிழல் விழும் பக்கம் தாழ்த்தே உலரும். மண்ணைக் கையில் எடுத்தே பார்த்தல் வேண்டும்.

மேற்பரப்பை நம்புதல் கூடாது. மேலே வெடித்திருக்க, அரை அடிக்குக் கீழே சேறாக இருக்கும். ஆதலின், எவ்வளவு ஆழம் கொத்த எண்ணியுள்ளோமோ அவ்வாழத்திலிருந்து, இரண்டு மூன்று இடங்களில் ஒவ்வொரு பிடி மண் எடுக்க. அதனை உருண்டையாகப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்துக. குழி விழுந்து கையில் ஒட்டினால் ஈரம் மிகுதி. பொலபொலவென உதிர்ந்தால் பதம். உருண்டையே பிடிபடாது கல்லாக இருப்பின் பதம் கடந்துவிட்டது. நன்கு நனைத்து, சில நாள் விட்டு மீண்டும் பார்க்க.

ஐயம் இருப்பின் மற்றொரு முறையும் உண்டு. அம்மண்ணைத் தட்டையான பலகைமேல் கையால் உருட்டித் திரியாக்குக. 3 மில்லிமீட்டர் பருமன் வரையில், அதாவது தீக்குச்சியினும் சற்றுத் தடித்த அளவிற்கு, முறியாமல் திரிந்தால் இன்னும் பொறுத்தல் வேண்டும். அவ்வளவை எட்டும்போதே நொறுங்கினால் தொடங்கலாம். சுவீடன் நாட்டு அறிஞர் அட்டர்பர்க் 1911ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின் வழிவந்த சோதனை இது. மண் ஆய்வுக் கூடங்களில் இன்றும் வழங்குகிறது.

நிரவும்போது மேல்மண்ணைத் தனியே குவித்து, அடிமண்ணைச் சரிசெய்தபின் மேலே பரப்புக. சுவரிலிருந்து 10 அடித் தொலைவுக்குள் 6 அங்குலமேனும் நிலம் வெளிநோக்கித் தாழ்ந்திருப்பின் மழைநீர் விலகி ஓடும்.

இன்று விட்டால் பொறி கிடைக்காது என்று ஒப்பந்தக்காரர் விரைவுபடுத்துவார். அவருக்கு அது ஒரு நாள் வேலை. நமக்கோ வாழ்நாள் வீடு. பொறிக்குச் சொல்லி அனுப்புமுன் மூன்று இடத்து மண்ணைப் பிடித்துப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் முதிய உழவர் எவரேனும் இருப்பின், வாப்சா வந்ததா என்று அவரையும் ஒரு சொல் கேளுங்கள். அம்மண்ணோடு பழகியவர் அவர். மகிழ்ந்து வந்து பார்த்துச் சொல்வார்.