கொடைக்கானல் உயரத்தில் இன்ஜின் நின்றால்? குட்டி விமானங்களின் எலக்ட்ரானிக் இக்னிஷன்: ஒரு விளக்கம்

வத்தலக்குண்டிலிருந்து பைக்கில் கொடைக்கானல் ஏறியவர்களுக்குத் தெரியும். அடிவாரத்தில் ஜம்முனு இழுத்த வண்டி, மேலே போகப் போக மூச்சு வாங்கும். ஏற்றம் மட்டும் காரணம் இல்லை, காற்றும்தான். சுமார் 7,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

ஏறக்குறைய அதே உயரத்தில், 7,000 முதல் 8,000 அடிக்குள், 2022 மே மாதம் ஒரு சோதனை நடந்தது. இடம்: கர்நாடகத்தின் சள்ளகெரே. பெங்களூருவின் தேசிய விண்வெளி ஆய்வகம் (என்.ஏ.எல்) உருவாக்கிய ‘ஹன்சா-என்ஜி’ என்ற இரண்டு இருக்கை பயிற்சி விமானத்தின் இன்ஜினை, பறக்கும்போதே வேண்டுமென்றே நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். அதில் இருப்பது 100 குதிரைத்திறன் கொண்ட ரோட்டாக்ஸ் 912 ஐஎஸ் இன்ஜின். தீப்பொறி, எரிபொருள் இரண்டையும் கம்ப்யூட்டர்தான் கவனிக்கிறது.

இதில் என்ன புதுசு? கார், பைக்கில் எல்லாம் எப்பவோ வந்துவிட்டதே என்று தோன்றலாம். விமானத்தில் கதை வேறு.

மேக்னெட்டோ என்றால் என்ன?

பெடல் மிதித்து ஸ்டார்ட் செய்யும் பழைய மொபெட் நினைவிருக்கிறதா? பேட்டரி இல்லாமலேயே ஓடும். உள்ளே சுழலும் காந்தமே மின்சாரம் தயாரித்து ஸ்பார்க் பிளக்கிற்கு அனுப்பும். அதுதான் மேக்னெட்டோ.

பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக இருக்கும் செஸ்னா 172 போன்ற விமானங்களில் இன்றும் இதுதான். ஒரு இன்ஜினுக்கு இரண்டு மேக்னெட்டோ, ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக். ஒன்று செத்தாலும் மற்றொன்று காப்பாற்றும். விமானத்தின் மொத்த மின்சாரமும் போனாலும், இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் ஏன் எலக்ட்ரானிக்?

சிலிண்டருக்குள் கலவை எரிந்து முடிய நேரம் எடுக்கும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பே பொறி விழ வேண்டும். மேக்னெட்டோவில் இந்த நேரம் நிலையானது. பல இன்ஜின்களில் 25 டிகிரி முன்பு என்று பூட்டி வைத்திருப்பார்கள்.

ஆனால் உயரத்தில் கலவை அடர்த்தி குறைந்து, மெதுவாக எரியும். அங்கே பொறி இன்னும் முன்கூட்டியே விழுந்தால்தான் நல்லது. எலக்ட்ரானிக் இக்னிஷன் இன்ஜின் வேகத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தத்தையும் பார்த்து, நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். பொறியும் வலுவாக இருக்கும். விளைவு: எளிதான ஸ்டார்ட், குறைந்த எரிபொருள் செலவு. ஆனால் மெல்லிய காற்றால் இழந்த சக்தி முழுவதையும் இது மீட்டுத் தராது. அதற்கு டர்போ வேண்டும்.

சிக்கல் எங்கே?

பேட்டரி சுத்தமாக இறங்கிப்போன எஃப்ஐ பைக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயன்றவர்களைக் கேளுங்கள். கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் கரன்ட் இல்லையென்றால் வண்டி அசையாது.

வானத்தில் இது எவ்வளவு ஆபத்து என்பதை 2007 மார்ச்சில் ஜெர்மனியின் ஸ்பேயர் நகரில் நடந்த விபத்து காட்டியது. டைமண்ட் டிஏ42 என்ற இரட்டை இன்ஜின் விமானத்தின் பேட்டரி இறங்கியிருந்தது. வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து இரண்டு இன்ஜினையும் ஸ்டார்ட் செய்தார்கள். மேலே எழும்பி சக்கரங்களை மடக்கியதும் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தது. இன்ஜின் கம்ப்யூட்டர்கள் ரீசெட் ஆயின. இரண்டு இன்ஜினும் நின்றுபோயின.

அவை டீசல் இன்ஜின்கள். ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஆனால் பாடம் ஒன்றுதான். கம்ப்யூட்டர் இன்ஜினை ஆளும்போது, பேட்டரியும் இன்ஜினின் ஒரு பாகம். அதன் பிறகு அந்த விமானங்களின் இன்ஜின் கம்ப்யூட்டர்களுக்குத் தனி பேக்கப் பேட்டரி வந்தது.

ஹன்சா இன்ஜின் எப்படிச் சமாளிக்கிறது?

மேக்னெட்டோ கால ‘எல்லாம் இரண்டு’ என்ற விதியை ரோட்டாக்ஸ் 912 ஐஎஸ் கைவிடவில்லை. ‘லேன் ஏ’, ‘லேன் பி’ என்று இரண்டு கட்டுப்பாட்டுப் பாதைகள், இரண்டு ஜெனரேட்டர்கள். ஒரு ஜெனரேட்டர் இன்ஜினுக்கு மட்டும். இன்னொன்று விமானத்தின் மற்ற கருவிகளுக்கும் பேட்டரி சார்ஜுக்கும். முதலாவது பழுதானால் இரண்டாவது இன்ஜின் பக்கம் வந்துவிடும். இரண்டும் போனால் கடைசி நம்பிக்கை பேட்டரிதான்.

விமானி என்ன செய்யணும்?

செஸ்னா 172எஸ் விமானத்தில் டேக்-ஆஃபுக்கு முன் இன்ஜினை 1,800 சுற்றுக்கு உயர்த்தி, ஒவ்வொரு மேக்னெட்டோவிலும் தனியாக ஓட்டிப் பார்ப்பார்கள். 150 சுற்றுக்கு மேல் குறைந்தாலோ, இரண்டுக்கும் 50-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ பறக்கக் கூடாது. ரோட்டாக்ஸில் இதே வேலையை ஒவ்வொரு லேனாக அணைத்துப் பார்த்துச் செய்கிறார்கள்.

இதோடு சில புதுப் பழக்கங்களும் வேண்டும்:

• இறங்கிப்போன பேட்டரியை ‘பறக்கும்போது சார்ஜ் ஆகிடும்’ என்று விடக் கூடாது.

• வோல்டேஜ் மீட்டரை எண்ணெய் அழுத்த மீட்டருக்குச் சமமாகக் கவனிக்க வேண்டும்.

• ஜெனரேட்டர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், தேவையில்லாத கருவிகளை அணைத்துவிட்டு அருகிலுள்ள ஓடுதளத்தில் இறங்க வேண்டும்.

கடைசி விஷயம் மலைப்பகுதிக்கு மேலே இன்னும் முக்கியம். கொடைக்கானலில் விமான நிலையம் கிடையாது. அருகில் இருப்பது மதுரை. பழனி மலைக்கு மேலே இன்ஜின் நின்றால், கீழே இருப்பது சோலைக்காடும் பள்ளத்தாக்கும்தான். எனவே, பேட்டரி சரியாக இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை தரையிலேயே தெரிந்துவிட வேண்டும்.