கழற்றி வைக்கும் பாலம்

கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் கலிபோர்னியாவிலுள்ள மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் எங்களை ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவுக்குக் கூட்டிச் சென்றார். பூங்கா என்றதும் ஊஞ்சலும் பூச்செடியும்தான் என் மனதில் வந்தன. போய்ப் பார்த்தால் பெருங்காடு. நூறு மீற்றருக்கு மேல் வளர்ந்த ரெட்வுட் மரங்கள். நடுவே ஈல் ஆறும், அதில் வந்து சேரும் புல் கிரீக் ஓடையும். (இந்தப் ‘புல்’ நம் புல் அல்ல, காளை.)

ஓடைக்கு அருகே கூடாரம் அடித்து இரண்டு இரவுகள் தங்கினோம். விறகு பொறுக்கக்கூடாது, காசுக்கு வாங்க வேண்டும். விழுந்து உக்கும் மரமும் காட்டுக்கு உணவாம். “மகள், சாப்பாட்டுச் சாமான் ஒண்டையும் கூடாரத்துக்குள்ள வெக்காதீங்க, கரடி வரும்” என்றார் மாமா. சவர்க்காரம், பற்பசையைக்கூட அங்குள்ள பெட்டியில்தான் வைத்துப் பூட்டினோம். முதல் இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் ஓடையைக் கடக்கச் சிறிய நடைபாலம் இருந்தது. மழைக்காலம் வருமுன் அதைக் கழற்றி எடுத்துவிடுவார்களாம். கணுக்கால் நனையும் தண்ணீருக்கா இவ்வளவு பயம் என்று சிரித்தேன். மாமா கதையைச் சொன்னார்.

ஓடையின் கீழ்ப்பகுதியிலுள்ள மரங்கள் 1931 முதல் பாதுகாப்பில் இருந்தன. மேலே மலைச்சரிவுகள் தனியாருடையவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே மரங்களை வெட்டித் தள்ளினார்கள். வேர் பிடிக்காத மண் மழையில் சரிந்தது. 1955 டிசம்பர் வெள்ளம் மண்ணையும் கல்லையும் அள்ளி வந்து ஓடையை நிரப்பியது. படுகை உயர்ந்ததும் நீர் பக்கவாட்டில் கரையை அரித்தது. ரெட்வுட் வேர் அகலமாகப் பரவுமே தவிர, மூன்று நான்கு மீற்றருக்குக் கீழே இறங்குவதில்லை. கரை போனதும் பாதுகாக்கப்பட்ட கிழ மரங்களே நூற்றுக்கணக்கில் சாய்ந்தன. ஒரு கோடரிகூடப் படாமல்! 1964இல் வந்தது இன்னும் பெரிய வெள்ளம். அது எட்டிய உயரத்தை வீயொட் என்ற ஊரில் கம்பமொன்றில் அடையாளமிட்டிருக்கிறார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். மேற்சரிவுகளையும் வாங்கிப் பூங்காவோடு சேர்த்தார்கள்.

அன்று அஸருக்குப் பின் ஓடையோரக் கற்பரப்பில் பாய் விரித்துத் தேநீர் குடித்தோம். “இந்தக் கல்லுல பெரும்பங்கு அந்த வெள்ளத்தில வந்ததுதான்” என்றார் மாமா. உம்மா பாயின் ஓரத்தை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார்.