மூன்றாம் சின்னத்துக்கு விழுந்த 847 வாக்குகள்

2019ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் சிலாங்கூர் மாநிலத்தின் செமினி சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. நான்குமுனைப் போட்டி. தேசிய முன்னணியின் ஜக்காரியா ஹனாஃபி 19,780 வாக்குகள் பெற்று வென்றார். நம்பிக்கைக் கூட்டணியின் முகமது அய்மான் சைனாலி 17,866 வாக்குகளுடன் இரண்டாம் இடம். மலேசிய சோசலிசக் கட்சியின், அதாவது பி.எஸ்.எம்.மின், 25 வயது இளைஞர் நிக் அசிஸ் அஃபிக்குக்கு 847. 'அங்கிள் கெந்தாங்' என்று மக்கள் அழைக்கும் சமூகத் தொண்டர் குவான் சீ ஹெங் சுயேச்சையாக நின்று 725 பெற்றார்.

முதல் இருவரைப் பற்றி நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதின. மற்ற இருவருக்கும் கிடைத்தது ஒரே வரி: 'வைப்புத்தொகையை இழந்தனர்.' அந்த ஒரு வரியைத்தான் இந்தக் கட்டுரையில் நான் கொஞ்சம் விரித்துப் பார்க்கப் போகிறேன். வெல்ல மாட்டோம் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர் ஏன் நிற்கிறார்? அவருக்கு வாக்களிப்பவர் தம் வாக்கை வீணாக்குகிறாரா?

முதலில் வைப்புத்தொகை. சட்டமன்றத்துக்கு நிற்பவர் 5,000 ரிங்கிட் கட்ட வேண்டும், நாடாளுமன்றத்துக்கு 10,000. பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்காவது கிடைத்தால் பணம் திரும்பி வரும். செமினியில் நால்வரும் பெற்றவற்றைக் கூட்டினால் 39,218. எட்டில் ஒன்று ஏறத்தாழ 4,902. நிக் அசிஸுக்குக் கிடைத்தது நூற்றுக்கு இரண்டு சொச்சம். பெரிய கட்சிக்கு 5,000 ரிங்கிட் ஒரு மேடைச் செலவுக்குக்கூடக் காணாது. உண்டியல் குலுக்கித் தேர்தல் நடத்தும் கட்சிக்கோ அது பெரிய தொகை. விளையாட்டாக நிற்பவர்களைத் தடுக்கவே இந்த விதி என்பார்கள். என் கண்ணுக்கு அது ஏழைக் கட்சிகளைத்தான் அதிகம் தடுக்கிறது.

இரண்டாவது, நம் வாக்களிப்பு முறை. ஒரு தொகுதிக்கு ஓர் இடம். யாருக்கு ஒரு வாக்கு கூடுதலோ அவருக்கே அந்த இடம். பாதிக்கு மேல் பெற வேண்டிய கட்டாயம் இல்லை. பிரிட்டனிடமிருந்து நமக்கு வந்த முறை இது. இந்த முறை இருக்கும் இடங்களில் காலப்போக்கில் இரண்டு பெரிய அணிகளே மிஞ்சும் என்று மோரீஸ் டுவெர்ஷே என்ற பிரெஞ்சு அறிஞர் 1950களில் எழுதினார். அரசறிவியல் படிக்கும் மாணவர்கள் இவரைத் தாண்டாமல் பட்டம் வாங்க முடியாது. அவர் இரண்டு காரணங்களைச் சொன்னார். ஒன்று கணக்கு: எல்லாத் தொகுதியிலும் நூற்றுக்குப் பத்து வாங்கும் கட்சிக்கு ஓரிடமும் கிடைக்காது. மற்றொன்று மனம்: தோற்கப் போகிறவருக்கு ஏன் போட வேண்டும் என்று வாக்காளரே விலகிக்கொள்வார். இந்த இரண்டாவதுதான் கொடியது என்பது என் எண்ணம். வேட்பாளர் பிடித்திருக்கும், கொள்கை பிடித்திருக்கும். ஆனாலும் கை வேறு சின்னத்துக்குப் போகும்.

இதற்கு நம் நாட்டில் சுங்கை சிப்புட்டை விடத் தெளிவான சான்று கிடைக்காது. அது நாடாளுமன்றத் தொகுதிதான் என்றாலும் பாடம் ஒன்றே. பி.எஸ்.எம். கட்சி 1998இல் பதிவுக்கு விண்ணப்பித்து, நீதிமன்றம்வரை சென்று, பத்து ஆண்டுகள் கழித்து 2008இல்தான் பதிவு பெற்றது. ஆகவே அந்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் அதன் வேட்பாளர்கள் பிகேஆர் சின்னத்தில் நின்றனர். டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் சுங்கை சிப்புட்டில் ம.இ.கா. தலைவர் டத்தோ ஸ்ரீ சாமிவேலுவை 1,821 வாக்குகள் பெரும்பான்மையில் தோற்கடித்தது இங்கே யாருக்கும் மறந்திருக்காது. 2013இல் மீண்டும் வென்றார். 2018இல் கூட்டணிப் பேச்சு முறிந்து, பி.எஸ்.எம். தன் சொந்தச் சின்னத்தில் நின்றது. அதே மருத்துவர், அதே ஊர், பத்தாண்டுச் சேவை. கிடைத்தது 1,505 வாக்கு. மனிதர் மாறவில்லை, வாக்குச்சீட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த படம் மாறியது, அவ்வளவுதான்.

சட்டமன்ற அளவிலும் இதே கதைதான். 2008இல் கோத்தா டாமான்சாராவை பி.எஸ்.எம். தலைவர் டாக்டர் நாசிர் ஹாஷிம் பிகேஆர் சின்னத்தில் வென்றார். 2013இல் அவர் மறுபடி நின்றபோது தோழமைக் கட்சியான பாஸும் அங்கே ஆளை நிறுத்தியது. தேசிய முன்னணி 16,387, நாசிர் 14,860, பாஸ் 7,312. எதிரணியின் இரண்டு எண்களையும் கூட்டிப் பாருங்கள், 22,172 வரும். இடமோ 16,387 பெற்றவருக்கு. செமினியிலும் அதே ஆண்டு அதே கூத்து: பி.எஸ்.எம்.மின் அருட்செல்வனும் பிகேஆர் வேட்பாளரும் எதிரெதிரே நிற்க, தேசிய முன்னணி தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டது. அண்ணன் தம்பி வழக்காடினால் வயல் யாருக்குப் போகும் என்பது நம் பாட்டன்மார் அறிந்ததே.

'மூன்றாமவர் ஓட்டைப் பிரிக்கிறார்' என்ற குற்றச்சாட்டு இப்படிப்பட்ட முடிவுகளிலிருந்துதான் பிறக்கிறது. நம் கழகத்தில் இருக்கும் ஒரு தங்கை என்னிடம் கேட்டாள்: "அண்ணே, செமினியில ஹராப்பான் தோத்ததுக்கு பி.எஸ்.எம். தானே காரணம்? எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." நான் அவளைக் கைப்பேசியிலேயே கணக்குப் போடச் சொன்னேன். வித்தியாசம் 1,914. மூன்றாம், நான்காம் இடத்தவரின் வாக்குகள் மொத்தம் 1,572. அவை ஒன்றுவிடாமல் அய்மானுக்குப் போயிருந்தாலும் அவர் 342 வாக்கில் தோற்றிருப்பார். உண்மைக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. 2018 பொதுத்தேர்தலில் நம்பிக்கைக் கூட்டணி அங்கே 23,428 வாக்குகள் பெற்றிருந்தது. பத்தே மாதத்தில் ஐயாயிரத்துக்கும் மேல் குறைந்தது. 2018இல் தனியாக நின்று 6,966 வாக்குகள் வாங்கிய பாஸ், 2019இல் ஒதுங்கி நின்று தேசிய முன்னணிக்கு ஆதரவு தந்தது. பி.எஸ்.எம்.முக்கோ 2018இல் அருட்செல்வன் பெற்ற 1,293கூட இல்லாமல் 847ஆகத் தேய்ந்தது. தேய்ந்துபோன கட்சி எப்படி இன்னொருவரின் வாக்கைத் தின்றிருக்கும்?

ஆக, இந்தக் குற்றச்சாட்டைக் கேட்டவுடன் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், உடனே தள்ளவும் வேண்டாம். எண்களை எடுத்துப் பாருங்கள். அதிலும் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: மூன்றாமவர் இல்லாவிட்டால் அவருடைய வாக்குகள் எல்லாம் இரண்டாமவருக்கே போகும் என்பது. போகும் என்று யார் சொன்னது? சிலர் வென்றவருக்கே போட்டிருப்பார்கள். சிலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள்.

சரி, ஏன்தான் நிற்கிறார்கள்? பி.எஸ்.எம்.மின் வேர் தோட்டப்புறத்தில் இருக்கிறது. பேராக்கில் 'அலைகள்', காஜாங் வட்டாரத்தில் 'சுவாரா வர்கா பெர்திவி' போன்ற அமைப்புகள் சேர்ந்துதான் அது உருவானது. வீடு உடைக்கப்படும் நாளில் முன்னே நிற்பது, தொழிலாளர் நீதிமன்றத்துக்கு உடன் வருவது என்பது அவர்களின் அன்றாட வேலை. தேர்தல் காலம் வந்தால்தான் அந்த வேலைக்கு ஒலிபெருக்கி கிடைக்கிறது. வேட்பாளர் என்ற தகுதி இருந்தால் நாளிதழ் பெயர் போடும், ஊர்மக்கள் கேள்வி கேட்பார்கள், பெரிய கட்சிக்காரர்கள் பதில் சொல்லியாக வேண்டும். 2008 டிசம்பரில் அவர்களோடு தொடர்புடைய 'ஜெரிட்' அமைப்பு நாடு தழுவிய மிதிவண்டிப் பயணம் நடத்தியது. கோரிக்கைகளில் ஒன்று குறைந்தபட்சச் சம்பளச் சட்டம். அன்று காவல்துறை அவர்களைப் பிடித்துப் பிடித்து விட்டது. 2013 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தில் 900 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் நடப்புக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தது தேசிய முன்னணி அரசாங்கம். முழுப் பெருமையையும் ஒரு சிறு கட்சிக்குக் கொடுப்பது மிகை. வேறு பல தொழிற்சங்கங்களும் பாடுபட்டன. ஆனால் வாக்குப்பெட்டியில் தோற்ற கோரிக்கை பின்னால் சட்டப்புத்தகத்தில் ஏறுவது உண்டு என்பதை இங்கே காணலாம்.

இடையில் நம்மைப் பற்றியும் ஒரு சொல். பல்கலைக்கழகச் சட்டத்தின்படி மாணவர்கள் அரசியல் கட்சிப் பக்கம் தலைகாட்டவே முடியாத காலம் இருந்தது. 2010 உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது பிடிபட்ட நான்கு மாணவர்கள் வழக்காடித்தான், 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. பிறகு சட்டமும் தளர்ந்தது. வாக்களிக்கும் வயதை 18ஆகக் குறைத்து, பதிவைத் தானியங்கி ஆக்கிய திருத்தம் 2019இல் நிறைவேறி 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. முதலாண்டில் அடி வைக்கும் தம்பி தங்கைகள் பெரும்பாலோர் இன்று வாக்காளர்கள். எங்கள் காலத்தில் இது வெறும் பாடப்பொருள்.

கணக்கு எப்போதும் மூன்றாமவருக்குச் சாதகமாகவே வரும் என்று நினைத்துவிடக் கூடாது. 2023 ஆகஸ்டில் நடந்த மாநிலத் தேர்தல்களில் மூடா கட்சியும் பி.எஸ்.எம்.மும் கைகோத்து நின்றன, ஓரிடமும் கிடைக்கவில்லை. சிலாங்கூரின் சுங்கை கண்டிஸ் தொகுதியில் பெரிக்காத்தான் நேசனல் நம்பிக்கைக் கூட்டணியை 167 வாக்கில் வென்றது. மூடா வேட்பாளர் பெற்றது அந்த 167ஐப் போலப் பல மடங்கு. அங்கே குற்றச்சாட்டுக்கு வலு உண்டு. நான் அந்தத் தொகுதி வாக்காளனாக இருந்திருந்தால் இரண்டு முறை யோசித்திருப்பேன், கடைசியில் யாருக்குப் போட்டிருப்பேன் என்று எனக்கே உறுதியில்லை. ஆனால் 167 என்பது வாக்கு எண்ணி முடித்த இரவில் தெரிந்த எண். காலையில் வரிசையில் நின்றவர் எவருக்கும் அது தெரியாது.