வீழ்ந்தாரை எடுக்கும் கல்வி

அமெரிக்காவிற் குடியேறிய என் பழைய மாணாக்கர் ஒருவர் அண்மையில் எழுதினார்: "பண்டிதர் ஐயா, மகள் 'அத்லெற்றிக் ரெயினர்' ஆக விரும்புகின்றாள். இளமாணிப் படிப்பு முடியுந் தறுவாயில் உள்ளது. மேற்படிப்புக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் இடந் தந்துள்ளன. ஒன்று பெரும் பெயர் பெற்றது, மற்றது ஊரறியாதது. எதனைத் தெரிந்தெடுப்பது?"

இலக்கணங் கற்பிப்பவனிடம் இதனை வினாவுவானேன் என முதலில் நகைத்தேன். ஆயினும் பழைய நிகழ்ச்சியொன்று என் நகைப்பை அடக்கிற்று.

பல்லாண்டுகளின் முன், யான் கற்பித்த பாடசாலையொன்றின் நெடுந்தூர ஓட்டத்தில் மாணவனொருவன் நண்பகல் வெயிலில் வீழ்ந்தான். உடல் நெருப்பாய்க் கொதித்தது, வாய் பிதற்றிற்று. சூழ்ந்து நின்று விசிறினோம். சோடா புகட்ட முயன்றோம். வாகனந் தேடி ஓடினோம். பத்தடியிற் கிணறு இருந்தது. அவனை நீரால் நனைக்க எம்முள் ஒருவருக்கேனும் தோன்றவில்லை. அவன் பிழைத்தான்; அஃது எம் அறிவினால் அன்று. வெப்பத் தாக்கில் முதலிற் குளிர்நீரில் அமிழ்த்தி உடலைக் குளிர்வித்து, அதன் பின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும் என்பதைப் பிற்காலத்திலேயே அறிந்தேன்.

அதனை அறிந்து ஆடுகளத்தருகே ஆயத்தமாய் நிற்பவரே அத்லெற்றிக் ரெயினர். பெயர் மயக்கந் தருவது. இவர் ஓட்டம் பழக்குபவர் அல்லர். காயத்தைத் தடுத்தல், கண்டறிதல், முதலுதவி புரிதல், மீண்டும் ஆடத் தகுதியுறச் செய்தல் என்பன இவர் தொழில். 1950இல் இவர்கட்கெனத் தேசியச் சங்கம் தோன்றியது; 1990இல் அமெரிக்க வைத்தியச் சங்கம் இதனைச் சுகாதாரத் தொழிலாக ஏற்றது. 2023 சனவரி 2ஆம் நாள் சின்சினாற்றி நகர ஆடுகளத்தில் இதயம் நின்று வீழ்ந்த டமார் ஹம்லின் என்னும் அமெரிக்க உதைபந்தாட்ட வீரர்க்கு, உடனே நெஞ்சழுத்தி உயிர் காக்க முனைந்த டெனி கெலிங்டன் இத்தொழிலினரே. அவ்வீரர் அவ்வாண்டிலேயே மீண்டும் ஆடினார்.

எனவே மாணாக்கருக்கு இவ்வாறு எழுதினேன்: "பல்கலைக்கழகத்தின் புகழை வினாவற்க, அப்பாடநெறி இத்தொழிற் கல்விக்கான சபையின் அங்கீகாரம் பெற்றதா என வினாவுக. அஃதின்றேல் தகுதிப் பரீட்சைக்குத் தோற்ற இயலாது. 2022இன் பின் இளமாணி நிலையிற் புதியோரைச் சேர்ப்பதில்லை. முதுமாணிப் பட்டமே வழி. முதல் முறையிற் சித்தியெய்தியோர் வீதத்தைப் பாடநெறிகள் வெளியிடல் வேண்டும். மூன்றாண்டு மொத்தத்தில் அது 70 சதவீதத்திற் குறைதல் ஆகாது. அதனை நோக்குக. பிள்ளை எக்களங்களில், எவர் மேற்பார்வையில், எத்துணைக் காலம் பழகுவாள் என்பதையும் கேட்க. கட்டணத்தைக் கடைசியில் அன்று, கடன்படுமுன் கணக்கிடுக."

மறுமொழி வந்தது. பெயர் பெற்ற இடம் தரவிருந்தது உடற்பயிற்சி விஞ்ஞானப் பட்டம். அதனைக் கொண்டு அப்பரீட்சை எழுத இயலாதாம். ஈராண்டும் பெரும் பொருளும் வீணாகியிருக்கும். மகள் ஊரறியாத இடத்திற் சேர்ந்துவிட்டாள்.

நன்னூலார் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இலக்கணம் வகுத்தார். கல்லூரியைத் தெரிந்தெடுப்பார்க்கு யான் சொல்லத்தக்கது ஒன்றே: தேவை நேர்ந்த கணத்திற் கை நடுங்காதிருக்கப் பழக்குமிடமே கல்லூரி. அன்று எம்மிடையே அத்தகையார் ஒருவர் இருந்திருப்பின், அக்கிணறு வீணே நின்றிராது.